தமிழவேள் கோ. சாரங்கபாணி: குடியேறிகளைக் குடிமக்களாக்கிய பத்திரிகையாளர்

அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது மாதக் கடைசியில் ஜொகூருக்குக் கொண்டுவரும் வெள்ளி நோட்டுகளை நான் வாங்கிப் பார்ப்பது வழக்கம். அவற்றில் சிங்கப்பூர் என்று தமிழில் அச்சிட்டிருக்கும். எங்கள் ரிங்கிட் நோட்டில் தமிழ் கிடையாது. அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வியப்பு. பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன்; அங்கிருந்து இந்தப் பல்கலைக்கழகத்திற்கு வந்தேன். அந்த எழுத்து நோட்டில் ஏறியதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது என்பதையும், அவர்களில் முன்னின்றவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி என்பதையும் இங்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டின் திருவாரூரில் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் சாரங்கபாணி பிறந்தார். 1924இல், தமது இருபத்தொன்றாம் வயதில், பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அன்று இங்கிருந்த தமிழர்களில் பெரும்பாலோர் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உடலுழைப்புச் செய்தவர்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதுதான் அவர்களின் எண்ணம். கப்பலேறி வந்தவர்களோடு சாதியும் ஏறி வந்திருந்தது. கூலிப் பணத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போனது.

இந்நிலையில்தான் பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகள் கடல் கடந்து வந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியாரே மலாயா வந்தார். அப்பயணத்தில் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். அவ்வாண்டு தொடங்கிய ‘முன்னேற்றம்’ இதழில் சாரங்கபாணி ஆசிரியப் பொறுப்பேற்றார். 1930களின் தொடக்கத்தில் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்திலும் முன்னணியில் நின்றார். சாதியையும் குடியையும் கண்டித்ததோடு நில்லாமல், தீமிதி, காவடி போன்றவற்றையும் சங்கம் எதிர்த்தது. சமயப் பற்றுடைய தமிழர்கள் பலர் இதனால் மனம் புண்பட்டு விலகி நின்றார்கள். சீர்திருத்தம் பேசியவர் தம் மக்களையே இரண்டாகப் பிரிக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1935 ஜூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ பிறந்தது. வார இதழாக, ஒரு காசு விலையில் வந்தது. தொழிலாளியின் கைக்கு எட்டிய விலை அது. 1937இல் அது நாளிதழாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பது அக்கால வழக்கம். அதனால் விற்ற பிரதிகளைவிட அதைக் கேட்டறிந்தவர்கள் அதிகம்.

பின்னர் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது, முரசும் நின்றது. 1943 ஜூலையில் நேதாஜி இங்கு வந்து பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். இந்தியாவைக் கண்ணால் காணாத தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளையர் ஆட்சி அசைக்க முடியாதது அல்ல என்று அப்போது நம்மவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் அவர்கள் கனவு கண்ட விடுதலை இந்தியாவின் விடுதலை.

1947இல் அந்த விடுதலை கிடைத்தது. அதன் பிறகு இங்கிருந்த தமிழர்கள்முன் புதிய கேள்வி எழுந்தது. நாம் பிறந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது; நாம் வாழும் நாட்டுக்கும் வரப்போகிறது. அப்போது நாம் யார்? விருந்தாளிகளா, வீட்டுக்காரர்களா? சாரங்கபாணியின் வாழ்க்கையில் மிகப் பெரிய பணி, இக்கேள்விக்கு விடை சொன்னதுதான் என்பேன்.

முதலில் மக்களை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. 1952 பொங்கலன்று முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பகுத்தறிவாளர் அனைவரும் மொழியின் பெயரால் ஒரே மேடையில் கூடினார்கள். ஒரு காலத்தில் காவடியை எதிர்த்துப் பிளவை உண்டாக்கியவர் என்று பெயர் வாங்கியவரே இந்த ஒற்றுமைக்கு முன்னின்றார். மனிதர் வளர்ந்திருந்தார்.

அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அதில் சமஸ்கிருதத்திற்கு முதலிடமா, தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. சாரங்கபாணி தமிழுக்காக முரசில் எழுதினார், மக்களைத் திரட்டினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலை மிதித்திராத தொழிலாளர்களும், அங்கே தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய அத்துறை, பின்னர் கோலாலம்பூருக்கு மாறி இன்றும் இயங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நானும் அந்த வகையில் அவருக்குக் கடன்பட்டவன்.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் எட்டாண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால், விசுவாச உறுதிமொழி எடுத்துக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் தாய் தகப்பனையும் ஒரு துண்டு நிலத்தையும் விட்டு வந்தவருக்கு அந்தப் படிவம் சாதாரணக் காகிதம் அல்ல. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. இதில் கையெழுத்திட்டால் அந்த உரிமை போய்விடும். தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் சாரங்கபாணி விடாமல் எழுதினார், பேசினார். அவரது வாதம் எளியது. குடியுரிமை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவனின் மொழியை எந்த அரசும் பொருட்படுத்தாது. ஆகவே தமிழ் இங்கே நிலைக்க வேண்டுமானால் தமிழர் முதலில் இந்நாட்டவராக வேண்டும். தமிழனாக இருப்பதும் சிங்கப்பூரராக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒன்றுக்கு மற்றொன்று காவல். திருவாரூரில் பிறந்து, பெரானாக்கான் சீனப் பெண்ணை மணந்து, இங்கே குடும்பம் நடத்திய அவர் சொன்னபோது அந்த வாதத்திற்கு வலு இருந்தது.

நான்கு மொழிக் கல்வியையும் சமமாக நடத்த வேண்டும் என்று 1956இலேயே அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்திருந்தது. 1959இல் தன்னாட்சியும் 1965இல் முழு விடுதலையும் வந்தன. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதிகாரத்துவ மொழியானது. இது ஒருவரால் மட்டும் ஆனதில்லை. ஆயினும் குடிமக்களாகப் பதிந்துகொண்ட தமிழர்கள் இல்லாதிருந்தால் அந்த இடத்தைக் கேட்க ஆள் இருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

அவரது பிற்காலம் சுகமாக இருக்கவில்லை. 1963இல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் முரசு நின்றுபோய், பிறகே மீண்டும் வெளிவந்தது. தொழிலாளிக்காக எழுதிய பத்திரிகைக்கு அது கசப்பான அனுபவம். 1974 மார்ச் 16ஆம் நாள், தமது 70ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வளர்த்த முரசு இன்றும் வெளிவருகிறது.

அவர் விட்டுச் சென்ற கேள்வி இப்போது நம்மிடம் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. சட்டம் தந்த இடம் அப்படியே இருக்கிறது; வீட்டுக்குள் மொழி சுருங்குகிறது. படிவத்தில் கையெழுத்திட்டு நம் முன்னோர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். மீதியை எந்தப் படிவமும் செய்யாது.

இருபத்தொரு வயதில் கடல் கடந்து வந்தார் அவர். இருபத்திரண்டு வயதில் பாலம் கடந்து வந்திருக்கிறேன் நான். நாளை எந்த நாட்டில் வேலை, எந்த நாட்டில் வீடு என்று எனக்கு இன்னும் தெரியாது. எங்கே இருந்தாலும் அந்த மண்ணுக்கு உண்மையாக இருக்கலாம், தமிழையும் விடாமல் இருக்கலாம் என்ற துணிவை அவர் வாழ்க்கை எனக்குத் தந்திருக்கிறது. நண்பர்களே, அடுத்த முறை ஒரு வெள்ளி நோட்டு கைக்கு வரும்போது அதில் உள்ள தமிழை ஒரு கணம் படித்துப் பாருங்கள். பிறகு, வீட்டில் தம்பி தங்கையிடம் தமிழில் பேசுங்கள்.