தனித்து உலகைச் சுற்றிய மாலுமி

கடல் கடந்தோர் பலர். கூட்டமாய்ச் சென்று உலகை வலம் வந்தோரும் பலர். ஆயின், துணை ஒருவருமின்றிப் பாய்க்கலம் ஏறி, தாம் ஒருவராகவே உலகைச் சுற்றி மீண்டவர்களுள் முதல்வர் ஜோஷுவா ஸ்லோக்கம் என்பார்.

இன்று கனடா நாட்டின் பகுதியாக விளங்கும் நோவா ஸ்கோஷியாவில் அவர் 1844ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் காலணி தைக்கும் தொழிலினர். அத்தொழிலில் மகனின் மனம் செல்லவில்லை. அவர் இளமையிலேயே கடற்பணி ஏற்றுப் படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவரானார். காலப்போக்கில் நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை அரிதாயிற்று. 1887ஆம் ஆண்டில் அவருடைய சொந்தக் கப்பலும் பிரேசில் கரையில் உடைந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் அவரிடம் பொருளும் இல்லை, பதவியும் இல்லை.

அந்நிலையில் நண்பர் ஒருவர் 'ஸ்பிரே' என்னும் கலத்தை அவருக்கு அளித்தார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் என்னும் ஊரில், வயல்வெளியில் கிடந்து இற்றுப்போன பழங்கலம் அது. ஸ்லோக்கம் மனந்தளராது, தம் கைகளாலேயே அதனைப் புதுப்பித்தார். அதற்குப் பதின்மூன்று மாதங்கள் சென்றன. 36 அடி 9 அங்குல நீளமுள்ள அக்கலத்தில் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பாஸ்டன் துறையிலிருந்து புறப்பட்டார்.

தனித்துச் செல்லும் மாலுமிக்குப் பெரும்பகை யாது? புயலினும் கொடிய பகை உறக்கமே. அவன் கண்ணயர்ந்தால் சுக்கானைப் பிடிப்பவர் யார்? இக்காலப் பாய்க்கலங்களில் மின்சாரத்தால் இயங்கும் பொறி அப்பணியைச் செய்கின்றது. கதிரவன் ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்கி, மின்கலங்களில் சேமித்து, அப்பொறிக்கு அளிக்கின்றனர். ஸ்பிரேயிலோ மின்சாரமே இல்லை. இரவில் ஒளி தந்த எண்ணெய் விளக்கே பகலில் அடுப்புமாயிற்று.

எனினும், ஸ்பிரே தன்னைத் தானே செலுத்திக்கொண்டது. அதன் அடிமரம் நீண்டு நேராக இருந்தமையால், கலம் எளிதில் திசை திரும்பாது. ஸ்லோக்கம் காற்றின் போக்கறிந்து பாய்களைச் சமன்செய்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிடுவார். கலத்தின் முகப்பு காற்றை நோக்கித் திரும்பினால் முன்பாய் அதனை விலக்கும். காற்றைவிட்டு விலகினால் பின்னுள்ள பாய் அதனை மீட்கும். இவ்வாறு காற்றே சுக்கானியாயிற்று.

அட்லாண்டிக் கடலில் ஒருமுறை அவர் பிளம் பழங்களையும் பாற்கட்டியையும் உண்டு, கடும் வயிற்றுவலியால் துடித்தார். பாய்களைச் சுருக்கிக் கட்டிவிட்டு, அறையில் நினைவிழந்து வீழ்ந்தார். வெளியே புயல் வீசியது. கொலம்பசின் 'பின்டா' கப்பலைச் செலுத்திய மாலுமி ஒருவர் சுக்கானருகே நிற்பதாக அவர் மயக்கத்தில் கண்டார். தெளிந்து எழுந்து நோக்கியபோது கலம் தான் விட்ட திசையிலேயே சென்றுகொண்டிருந்தது. ஓரிரவில் 90 மைல் கடந்திருந்தது!

1897ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்த வியாழன் தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளுக்குச் சென்றார். 2,700 மைல் தொலைவை 23 நாள்களில் கடந்தார். அந்நாள்களில் அவர் சுக்கானைத் தொட்டது ஏறத்தாழ மூன்று மணி நேரமே. எஞ்சிய பொழுதை நூல்கள் படித்தும், சமைத்தும், உறங்கியும் கழித்தார். எனினும், பரந்த கடலில் புள்ளியெனத் தோன்றும் அச்சிறு தீவுகளை அவர் தவறவிடவில்லை.

ஏறத்தாழ 46,000 மைல் பயணம் செய்து, 1898ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்கக் கரையை அடைந்தார். 1900ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பயண நூல் இன்றும் கடலோடிகளால் போற்றப்படுகின்றது.

சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் ஸ்பிரேயில் தனியே புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை, கலமும் திரும்பவில்லை. 1924ஆம் ஆண்டில் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

கடலை எவரும் முற்றிலும் வென்றதில்லை. ஸ்லோக்கமும் வெல்லவில்லை. அவர் காற்றோடு பகைக்காது, அதன் இயல்பை நுணுகி அறிந்து, அதனையே துணையாக்கிக்கொண்டார். பொறியில்லாக் காலத்தில் அவர்தம் அறிவே பொறியாய் நின்றது.