கம்பியின்றிக் கலம் செலுத்தியவர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லை கடலாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்கள் அக்கரையில் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 ஆம் நாள் முதல் ஜூன் 14 ஆம் நாள் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. மீனினம் பெருகும் காலம் அஃது. அந்த 61 நாட்களில் படகுகள் பல கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன. தச்சர்கள் மட்கிய பலகையை நீக்கிப் புதுப்பலகை பொருத்துவர். பலகைகளின் இடைவெளிகளில் பஞ்சுத்திரியைச் செலுத்திக் குங்கிலியப் பசையால் அடைப்பர். இதனைக் கலப்பற்று என்பர். அடைத்தது நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம் பூசுவர். பழுது பாராமல் பூசிய வண்ணம் கண்ணைக் கவருமேயன்றி உயிரைக் காவாது என்பதனைக் கடலோடிகள் நன்கு அறிவர்.

மாணவர்களே! பள்ளிக் கண்காட்சிகளில் உங்களைப் போன்றவர் சிலர் சிறு படகு ஒன்று செய்து, அதனைக் குளத்தில் மிதக்கவிட்டு, கரையில் நின்றவாறே வானொலி அலைகளால் செலுத்திக் காட்டுவதுண்டு. படகிற்கும் அவர் கைக்கும் இடையே கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. கரையிலிருந்து ஆணை பிறக்கிறது, படகு வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கம் திரும்புகிறது, நிற்கிறது. இவ்வாறு கம்பியின்றிக் கலம் செலுத்தும் முறையை உலகிற்கு முதன்முதலிற் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் ஆவார். அவருடைய வரலாறு, உடைந்ததைச் செப்பனிட்டு மீண்டும் பயணம் தொடங்கிய ஒருவரின் வரலாறாகும்.

டெஸ்லா 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள், இன்று குரோவேசியா எனப்படும் நாட்டிலுள்ள சுமில்யான் என்னும் சிற்றூரில் செர்பியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சமய குரு. அன்னையார் எழுத்தறிவு பெறாதவர்; ஆயினும் நீண்ட கதைப்பாடல்களை நெஞ்சில் நிறுத்தியவர்; வீட்டிற்கு வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் திறம் வாய்ந்தவர். பொருள்களைப் புதிதாக ஆக்கும் ஆற்றல் தமக்கு அன்னையிடமிருந்தே வந்தது என டெஸ்லா பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

அவர் சிறுவராக இருந்தபோது நிகழ்ந்த ஒன்று கேட்கத் தக்கது. அப்போது அவர் வாழ்ந்த ஊருக்குப் புதிய தீயணைப்புக் கருவி ஒன்று வந்தது. அதனை இயக்கிக் காட்டும் விழாவிற்கு ஊர் முழுவதும் ஆற்றங்கரையில் கூடியது. ஆடவர் பலர் முயன்று இயக்கியும் ஒரு துளி நீரும் வெளிவரவில்லை. பெரியோர் திகைத்து நின்றனர். சிறுவர் டெஸ்லாவோ ஆற்றில் இறங்கி, நீரை உறிஞ்சும் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். அது நீருக்குள் ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது. அதனை அவர் விரித்துவிட்டதும் நீர் பீறிட்டுப் பாய்ந்தது. பழுது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. நீரின் கீழ் மறைந்திருந்தது. அதனைத் தேடி இறங்கிய பண்பே அவர் வாழ்நாள் முழுவதும் விளங்கிற்று.

டெஸ்லா தம்மைப் போலவே சமய குருவாதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ பொறியியலை நாடியது. 1873 ஆம் ஆண்டு அவர் கொடிய வாந்திபேதி நோயால் தாக்குண்டு, ஏறத்தாழ ஒன்பது திங்கள் படுக்கையில் கிடந்தார். பிழைப்பது அரிது என யாவரும் எண்ணினர். உயிர் பிழைத்தால் விரும்பிய கல்வியைத் தருவதாக அப்போது தந்தையார் வாக்களித்தார். நோய் நீங்கியது, வாக்கும் காப்பாற்றப்பட்டது. 1875 ஆம் ஆண்டு ஆஸ்திரியாவிலுள்ள கிராத்சு நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்காலத்து மின்பொறிகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தால் இயங்கின. அவற்றிலுள்ள திசைமாற்றி என்னும் உறுப்பு, சுழலும்போது பொறி பறந்து தேய்ந்துகொண்டே இருந்தது. அவ்வுறுப்பு இல்லாமலே மோட்டாரை இயக்கவியலும் என டெஸ்லா கூற, ஆசிரியர் அது நடவாத செயல் என மறுத்தார். டெஸ்லா ஆசிரியரிடம் மதிப்புடையவரே. எனினும் தம் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். பட்டம் பெறாமலே கல்லூரியினின்று நீங்க நேர்ந்தது. 1882 ஆம் ஆண்டு புடாபெஸ்டு நகரப் பூங்காவில் நண்பர் ஒருவருடன் உலாவிக்கொண்டிருந்தபோது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த கோலால் மணலில் அதன் படத்தை வரைந்து காட்டினார். திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருமாறு அமைத்தால், காந்தப் புலம் தானே சுழலும். அப்புலம் மோட்டாரின் உருளையை உடன் இழுத்துச் சுழற்றும். இன்று நம் மாவட்டத்துக் கிணறுகளில் மும்முனை மின்சாரத்தால் நீர் இறைக்கும் மோட்டார்கள் இந்நெறியைப் பின்பற்றியே இயங்குகின்றன.

1884 ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்று எடிசனின் தொழிலகத்திற் பணியாற்றி, ஓராண்டிற்குள் விலகினார். பின்னர்ப் பிறருடன் கூடித் தொடங்கிய தொழிலும் அவர் கையை விட்டுப் போயிற்று. சுழல் காந்தப் புலம் கண்ட அறிஞர், நாளொன்றுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். உழைப்பை இழிவாகக் கருதி அவர் முடங்கிவிடவில்லை. 1887 ஆம் ஆண்டு மீண்டும் தமக்கென ஓர் ஆய்வகம் அமைத்தார். அடுத்த ஆண்டு, வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழில் வல்லுநர் அவருடைய காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். 1893 ஆம் ஆண்டு சிகாகோ உலகப் பொருட்காட்சி மாறுதிசை மின்னோட்டத்தால் ஒளி பெற்றது. 1896 ஆம் ஆண்டு நயாகரா அருவியில் உண்டான மின்சாரம் இருபது மைலுக்கு அப்பாலுள்ள பபலோ நகரத்தை அடைந்தது. சிறு வயதில் அவ்வருவியைப் பற்றிப் படித்து, அதனால் பெருஞ்சக்கரம் ஒன்று சுழலுவதாகக் கற்பனை செய்தவருடைய கனவு நனவாயிற்று.

இதற்கிடையே பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1895 ஆம் ஆண்டு மார்ச்சு 13 ஆம் நாள் நியூயார்க்கிலிருந்த அவருடைய ஆய்வகம் தீக்கிரையாயிற்று. கருவிகள், குறிப்பேடுகள், வரைபடங்கள் யாவும் சாம்பலாயின. அப்பொருள்களுக்குக் காப்பீடும் இல்லை. பிறிதொருவராயின் உள்ளம் ஒடிந்திருப்பர். டெஸ்லா சில திங்கள் துயருற்றிருந்து, பின்னர் வேறோரிடத்தில் ஆய்வகம் அமைத்தார். குறிப்பேடுகள் எரிந்தனவேயன்றி அவருடைய நினைவு எரியவில்லை. இக்காலத்தில்தான், 1896 ஆம் ஆண்டு, சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் அவரைச் சந்தித்தார். அச்சுவாமிகளே மறு ஆண்டு சனவரியில் நம் பாம்பன் கரையில் வந்திறங்கியவர். கம்பியில்லா அலைகளைப் பற்றிய ஆராய்ச்சி அந்நாளில் நம் நாட்டிலும் தழைத்திருந்தது. 1895 ஆம் ஆண்டு சகதீச சந்திர போசு கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியடிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றச் செய்தும் காட்டினார்.

சாம்பலினின்று எழுந்த புதிய ஆய்வகத்திலேதான் டெஸ்லாவின் படகு உருவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ நான்கடி. உடற்கூடு இரும்பால் ஆயது. உள்ளே மின்கல அடுக்கும், உந்து விசிறியைச் சுழற்றும் மோட்டாரும், சுக்கானைத் திருப்பும் மோட்டாரும் இருந்தன. மேலே அலை வாங்கும் கம்பியும் சிறு விளக்குகளும் பொருத்தப்பட்டிருந்தன. உலோகத் துகள் நிரம்பிய சிறு குழல் ஒன்றே அதன் செவி எனலாம். அலை வந்து தாக்கும்போது துகள்கள் ஒன்றியைந்து மின்னோட்டத்திற்கு வழிவிடும். உடனே சக்கரம் ஒன்று ஒரு படி நகர்ந்து, சுக்கானைத் திருப்பவோ நிறுத்தவோ செய்யும். அதன் பின்னர்க் குழல் தானே புரண்டு, துகள்களைப் பிரித்து, அடுத்த ஆணைக்கு ஆயத்தமாகும்.

இத்துணை நுட்பமான கருவிகளைத் தாங்கும் படகிற்கு உடற்கூடு எத்துணை இன்றியமையாதது என்பதனை எண்ணிப் பாருங்கள். கூட்டிலே மயிரிழை அளவு வெடிப்பு இருப்பினும் நீர் கசிந்து மின்கருவிகளைக் கெடுத்துவிடும். ஆதலின் சிறு படகு செய்யும் மாணவர், வெடிப்பு கண்டவுடன் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தல் கூடாது. முதற்கண் கருவிகளை வெளியே எடுத்துக் கூட்டை நன்கு உலர்த்துதல் வேண்டும். வெடிப்பின் இருபுறமும் பழைய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, கண்ணாடியிழைத் துணியையும் பிசினையும் இட்டு அடைத்து, இறுகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பின்னர் மீண்டும் தேய்த்துச் சமனாக்கி, அடிப்பூச்சு பூசி, அதன்மேல் வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூசுதல் நன்று. ஒரு படலம் உலர்ந்த பின்னரே மறுபடலம் பூசுக. தடித்துப் பூசினால் எடை மிகும். ஒரு பக்கம் மட்டும் மிகுந்தால் படகு சாயும். விசிறியின் தண்டும் சுக்கானின் தண்டும் கூட்டைத் துளைத்து வெளிவரும் இடங்களே நீர் புகுதற்கு எளிய வழிகள். அவற்றைத் தனியே நோக்குதல் வேண்டும். இறுதியில் வெறுங்கூட்டைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, கசிவு இல்லை எனத் தெளிந்த பின்னரே கருவிகளை மீண்டும் பொருத்துதல் முறை.

1898 ஆம் ஆண்டு நியூயார்க்கு மாடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற மின்பொருட்காட்சியில் டெஸ்லா தம் படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டார். அவர் அப்பால் நின்று கருவியை இயக்க, படகு அவர் கருத்தின்படி திரும்பியது. கண்டவர் வியப்பில் ஆழ்ந்தனர். உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்துள்ளது என்றனர் சிலர். மனவலிமையால் செலுத்துகிறார் என்றனர் வேறு சிலர். டெஸ்லாவும் சிறிது விளையாடினார். 64 இன் கனமூலம் யாது எனக் கேட்டபோது, படகின் விளக்குகள் நான்கு முறை மின்னின. விடையளித்தது படகன்று, கருவியைத் தொட்ட டெஸ்லாவின் கையே. அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் நாள் அப்படகிற்குக் காப்புரிமை கிட்டிற்று.

அமெரிக்காவும் ஸ்பெயினும் போரிட்ட ஆண்டு அது. ஆளில்லாக் கலங்கள் பெருகினால் எந்நாடும் போருக்கு அஞ்சும். அதனால் போரே ஒழியும் என டெஸ்லா நம்பினார். கடற்படையினர் அப்படகை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் நம்பிக்கையும் நிறைவேறவில்லை. தொலைவிலிருந்து செலுத்தப்படும் கருவிகள் இன்று போரிலும் பயன்படுகின்றன. வெள்ளத்தில் சிக்கியவரைத் தேடவும், கடலாழத்தை ஆராயவும் அவை உதவுகின்றன. 2023 ஆம் ஆண்டு நிலவில் இறங்கிய சந்திரயான் 3 இன் ஊர்தியும் இம்மண்ணிலிருந்து சென்ற ஆணைகளை ஏற்றே நகர்ந்தது. கருவி நல்லதாவதும் தீயதாவதும் அதனை ஏந்தும் கையைப் பொறுத்ததாகும்.

டெஸ்லாவின் முயற்சிகள் யாவும் வெற்றி பெற்றன எனக் கூறுதல் உண்மையாகாது. 1901 ஆம் ஆண்டு, உலகெங்கும் செய்தியையும் மின்னாற்றலையும் கம்பியின்றி அனுப்புதற்கு நியூயார்க்கு அருகே பெருங்கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். பொருளுதவி நின்றது, பணி முடங்கியது. 1917 ஆம் ஆண்டு அக்கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. அந்த ஒரு முறிவை மட்டும் அவரால் செப்பனிட இயலவில்லை. முதுமையில் வறியராய், விடுதி அறையில் தனித்து வாழ்ந்து, புறாக்களுக்கு இரையிட்டு மகிழ்ந்தார். 1943 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் அவ்விடுதியிலேயே உயிர் நீத்தார். அவர் மறைந்து ஐந்து திங்கள் கழித்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்கோனியின் வானொலிக் காப்புரிமை ஒன்றின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதனவாக்கியது. டெஸ்லா உள்ளிட்ட அறிஞர் சிலரின் முந்திய பணிகளும் அத்தீர்ப்பில் ஆராயப்பட்டன. 1960 ஆம் ஆண்டு காந்தப் புலச் செறிவின் அலகிற்கு உலக அறிஞர்கள் டெஸ்லா எனப் பெயர் சூட்டினர்.

கோட்டைப்பட்டினத்துக் கரையில் கலப்பற்று வேலை செய்யும் தச்சர், படகு பழையதாயிற்று என்று வருந்தி நிற்பதில்லை. எங்கே நீர் கசிகிறது என்று தேடுகிறார். நோய், வறுமை, தீ என்னும் இடர்கள் வந்தபோதெல்லாம் டெஸ்லா செய்ததும் அதுவே. நம் முயற்சியில் விரிசல் காணும்போது அதனை வண்ணத்தால் மறைக்காமல், உள்ளே நோக்கி அடைத்து, உலரும்வரை பொறுத்து, மீண்டும் கலத்தை நீரில் இறக்குவோமாக.