வ.சுப. மாணிக்கனார்: வாழ்வும் அகத்திணை ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

அகத்திணை ஆய்வில் தனித்தடம் பதித்தவர் மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார் (1917–1989). அவர்தம் வாழ்க்கை நிகழ்வுகளையும் ஆய்வுப் பணிகளையும் தொகுத்துரைத்து, உரைமரபுக்கு முன்னர் மூலநூலை நிறுத்தும் அவரது ஆய்வுநெறி அவர் வாழ்ந்த வாய்மை நெறியோடு ஒன்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மாணிக்கனார், மேலைச்சிவபுரி, அகத்திணை, கைக்கிளை, பெருந்திணை, தொல்காப்பியம்.

முன்னுரை

சங்க இலக்கியப் பதிப்புகள் வெளிவந்து நிலைபெற்ற பின்னர், அவற்றின் பொருண்மையை முழுமையாக ஆராயும் கடமை அடுத்த தலைமுறைக்கு உரியதாயிற்று. அத்தலைமுறையுள் அகத்திணையைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டவர் மாணிக்கனார். அவர் கண்ட முடிவுகளைப் போலவே, அம்முடிவுகளை அடைந்த வழியும் இன்றைய ஆய்வாளரின் கவனத்திற்குரியது.

பிறப்பும் இளமையும்

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம், பொன்னமராவதியை அடுத்த மேலைச்சிவபுரியில் 17.04.1917 அன்று சுப்பிரமணியன் செட்டியார், தெய்வானை ஆச்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் அண்ணாமலை. இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். 1909ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் சன்மார்க்க சபை தமிழ் வளர்த்து வந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார்.

நகரத்தார் குல வழக்கப்படி சிறுவயதிலேயே தொழில் பழகப் பர்மாவிற்கு அனுப்பப்பட்டார். இரங்கூனில் வட்டிக்கடை ஒன்றில் பணியாற்றியபோது, வருமானவரி அலுவலரிடம் பொய்யுரைக்குமாறு முதலாளி பணித்ததை ஏற்க மறுத்தார். அதனால் வேலையை இழந்தார். பொய்சொல்லா மாணிக்கம் என்னும் பெயர் இந்நிகழ்வால் அவருக்கு வாய்த்தது. வாணிகத்திற்கு இழப்பாக முடிந்த இந்நிகழ்வு தமிழுக்கு ஆக்கமாயிற்று. தாயகம் திரும்பியவர் பண்டிதமணியின் வழிகாட்டலால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புலவர் வகுப்பில் சேர்ந்தார்.

கல்விப்பணி

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணி தொடங்கிய மாணிக்கனார், 1948இல் காரைக்குடி அழகப்பர் கல்லூரிக்குச் சென்றார். அங்குத் தமிழ்ப் பேராசிரியராகவும், 1964 முதல் 1970 வரை முதல்வராகவும் விளங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும், 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தை உருவாக்குவதற்கு அமைந்த வடிவமைப்புக் குழுவிற்கும் தலைமை தாங்கினார்.

அகத்திணை ஆய்வு

தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டம் பெற்றவர், அகத்திணைக் கொள்கையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இவ்வாய்வு 1962இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. தமிழில் தமிழ்க்காதல் என்னும் நூலாயிற்று.

இந்நூலின் வன்மை அதன் தொகைக் கணக்கில் தொடங்குகிறது. சங்கத்து அகப்பாடல்கள் 1862 எனக் கணக்கிட்ட மாணிக்கனார், அவற்றைக் களவு 882, கற்பு 966, கைக்கிளை 4, பெருந்திணை 10 எனப் பகுத்தார். அகம் என்றவுடன் களவொழுக்கத்தையே முதன்மையாக நினைக்கும் பொதுக்கருத்தை இக்கணக்கு திருத்துகிறது. கற்புப் பாடல்களே எண்ணிக்கையில் மிக்கவை என்பதால், இல்லற வாழ்வின் ஊடலும் பிரிவும் ஆற்றியிருத்தலும் அகமரபின் பெரும்பகுதி என்பது புலனாகிறது.

இக்கணக்கிலிருந்தே கடினமான வினா ஒன்றும் எழுகிறது. 14 பாடல்களே உடைய கைக்கிளையையும் பெருந்திணையையும் தொல்காப்பியர் ஏன் ஏழு திணைகளுள் வைத்தார்? உரையாசிரியர் மரபு இவற்றை ஒருதலைக் காமம் எனவும் பொருந்தாக் காமம் எனவும் விளக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைப் புறப்பொருள் நூலுக்குள் சேர்த்தது. இவ்வாறு அகத்தின் எல்லை ஐந்திணையளவில் சுருங்கியது. மாணிக்கனார் தொல்காப்பிய நூற்பாக்களையும் சங்கப் பாடல்களையும் நேரே ஒப்புநோக்கி, ஏழும் கூடியதே அகத்திணை என்றும், இவ்விரண்டும் இழிவெனத் தள்ளத்தக்கன அல்ல என்றும் வாதிட்டார். பாடல்களின் சிறுமை, திணையின் சிறுமைக்குச் சான்றாகாது என்பது இவ்வாதத்தால் பெறப்படும்.

இம்முடிவினை உடன்பட்டோரும் மறுத்தோரும் உளர். எனினும் உரையாசிரியர் கருத்தைக் கேள்விக்கு உட்படுத்துமுன் மூலம் முழுவதையும் எண்ணி, வகைப்படுத்தி, சான்று காட்டிய முறை மறுப்போருக்கும் பயன்படுவதாகும். பழமையைப் போற்றுதலும் அதனை ஆராய்தலும் முரண்பட்டவை அல்ல என்பதற்கு இந்நூல் சான்று.

பிற ஆக்கங்கள்

திருக்குறள் ஆய்வான வள்ளுவம் சொற்பொழிவு வடிவில் அமைந்தது. கம்பர், எந்தச் சிலம்பு ஆகியன காப்பியத் திறனாய்வுகள். தொல்காப்பியத் திறன், தொல்காப்பியக்கடல் ஆகியவை அவரது முதிர்ந்த இலக்கண நோக்கைக் காட்டுவன. கொடைவிளக்கு என்னும் செய்யுள் நூல் வள்ளல் அழகப்பரைப் போற்றுவது, நெல்லிக்கனி நாடகம். புதுச்சொல் படைத்து எழுதும் செறிந்த நடை இவரது தனித்தன்மை.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப் பின்னரும் மாணிக்கனார் ஆய்வோடு அமையவில்லை. தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு அதற்காக ஊர்தோறும் சென்றார். எழுத்துச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதினார். 25.04.1989 அன்று மறைந்தார். தமிழக அரசு அவரது மறைவுக்குப்பின் திருவள்ளுவர் விருது வழங்கியது. 2006இல் அவர்தம் நூல்கள் நாட்டுடைமையாயின.

முடிவுரை

முதலாளி சொல்லுக்காக உண்மையை மறைக்க மறுத்த இளைஞர், பிற்காலத்தில் உரைமரபின் பெருமைக்காக மூலத்தின் சான்றை மறைக்க மறுத்தார். உரையாசிரியர்களை அவர் இகழ்ந்தாரல்லர். அவர்களைக் கற்றே வேறுபட்டார். அகத்திணையை ஐந்திணை என்னும் அளவில் நிறுத்தி ஆராயும் போக்கு இன்றும் தொடர்கிறது. கைக்கிளை, பெருந்திணை குறித்து அவர் எழுப்பிய வினாவை ஏற்றோ மறுத்தோ விடைகாண்பது அகத்திணை ஆய்வாளரின் கடனாக நிற்கிறது.