எம்டன் கப்பலின் தலைவர்

எதற்கும் அஞ்சாத சூழ்ச்சிக்காரரை எம்டன் என்று நம் பெரியோர் குறிப்பிடுவதை மாணவர்கள் கேட்டிருக்கலாம். அது ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். அதனைச் செலுத்திய கார்ல் வொன் முல்லரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறோம்.

முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹனோவர் நகரில் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிற் பணியாற்றியபோது பற்றிய மலேரியாக் காய்ச்சல் அவரை இறுதிவரை விடவில்லை. அக்காய்ச்சலின் கொடுமையைத் தோட்ட மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1913இல் எம்டனின் தலைவரானார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கடற்படை கடல்வழிகளை அடைத்து, ஜெர்மனிக்குப் பொருள்கள் செல்லாதவாறு தடுத்தது. எதிரியின் வாணிகத்தைத் தாமும் தடுக்கக் கருதிய முல்லர், எம்டனைத் தனியே இந்தியப் பெருங்கடலுக்குச் செலுத்தினார். வாணிகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்தார். அவற்றில் இருந்தோரைப் பத்திரமாக இறக்கிய பின்னரே கப்பல்களை மூழ்கடித்தார். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டுகள் பாய்ந்தன. சிலர் மாண்டனர். மக்கள் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். எம்டன் என்னும் சொல் தமிழர் நாவில் ஏறியது அவ்வச்சத்தினாலேயே.

அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்திறங்கிய துறைமுகம் அது. மூன்று புகைபோக்கிகளை உடைய தம் கப்பலில் போலியாக நான்காவது ஒன்றை நிறுத்தி, அது பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுமாறு முல்லர் செய்திருந்தார். உள்ளே ஜெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் தலைவர் கரையிலிருந்தார். மாலுமிகளோ உறக்கத்தில் இருந்தனர். எம்டன் தன் கொடியை ஏற்றிவிட்டு டார்ப்பிடோவை ஏவியது. சிறிது நேரத்தில் ஜெம்சுக் மூழ்கியது. ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். போர் விதிப்படி இது தவறன்று என்பர். எனினும், உறங்கியோர்மேற் பெற்ற இவ்வெற்றியைப் பாராட்ட நம் மனம் ஒப்பவில்லை. ஜொகூரிலிருந்து பினாங்குக்குச் சுற்றுலாச் செல்வோர், மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாலுமிகளின் நினைவுக் கல்லைக் காணலாம்.

முல்லரின் மனமும் அமைதியுற்றதாகத் தெரியவில்லை. துறைமுகத்துக்கு வெளியே வாணிகக் கப்பல் ஒன்றை நிறுத்தி, ரஷ்ய மாலுமிகளைக் காப்பாற்ற இயலாமற் போனதற்கும், ஆயுதமற்ற சிறு படகொன்றைத் தவறுதலாகச் சுட்டதற்கும் வருத்தம் தெரிவிக்கச் சொன்னார். அவ்வேளையில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுச் சிறு போர்க்கப்பல் எதிர்ப்பட்டது. அதுவும் மூழ்கடிக்கப்பட்டது. பின்தொடர்வோர் வரக்கூடும் என்றறிந்தும், கடலில் தத்தளித்த 36 பேரைத் தூக்கியெடுத்தார். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்வித்தார். பிறகு வேறொரு கப்பலில் ஏற்றிச் சுமத்திராவின் சாபாங்குக்கு அனுப்பினார்.

நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் வலிய கப்பல் எம்டனை வென்றது. 130க்கு மேற்பட்ட தம் வீரரை இழந்த முல்லர், உடைந்த கப்பலைக் கரைதட்டச் செய்து சரணடைந்தார். மால்டாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917இல் சுரங்கவழியே தப்பி மீண்டும் பிடிபட்டார்.

தாயகம் திரும்பியபின், போர் நினைவுகளை நூலாக எழுதுமாறு பலர் வேண்டினர். இறந்த தோழர்களின் குருதியைக் காசாக்குவதாகும் என்று கருதி அவர் மறுத்துவிட்டார். 1923ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தம் 49ஆம் வயதில் மறைந்தார்.