இரண்டடித் தூரம்: ஓட்டமங்கை லிலியன் போர்ட்

மெய்வல்லுநர் போட்டிகள் பலவற்றுள்ளும் 400 மீற்றர் ஓட்டமே கொடியது என்பர், அதனை ஓடிக் களைத்தவர்கள். நூறு மீற்றர் ஓடுபவர் மூச்சை எண்ணாது ஓடலாம். ஐயாயிரம் மீற்றர் ஓடுபவர் தம் வலிமையைச் சிறுகச் சிறுகப் பகிர்ந்து ஓடலாம். ஓட்டத் தடத்தை ஒரே முறை சுற்றிவரும் இப்போட்டியிலோ விரைவும் வேண்டும், சிக்கனமும் வேண்டும். முற்பாதியில் அளவுக்கு மிஞ்சிச் செலவிட்டவர் இறுதி நேர்ப்பாதையிற் கடனாளியாகிறார். அளவுக்கு மிஞ்சிச் சேமித்தவர், செலவிடத் தூரமின்றித் திகைத்து நிற்கிறார். இக்கணக்கை இளமையிலேயே கற்று, ஒருமுறை அதில் இடறி, மீண்டும் எழுந்து வென்று, இருபத்திரண்டாம் அகவையில் உலகை நீத்தவர் லிலியன் போர்ட் என்னும் ஆங்கில நங்கை.

அவர் ஓட வந்த காலத்தில் இந்த ஓட்டம் பெண்களுக்குப் புதியது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக் விழாவில் 800 மீற்றர் ஓடிய மகளிர் களைத்துப் போயினர் என்று காரணங் காட்டி, நெடுந்தூர ஓட்டங்கள் அவர்தம் உடலுக்கு ஒவ்வா என விழாத் தலைவர்கள் முடிவு செய்தனர். அதன்பின் 1960ஆம் ஆண்டு வரை ஒலிம்பிக்கில் 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் மகளிர்க்கு இல்லை. 400 மீற்றர் ஓட்டம் 1964இல், ரோக்கியோ நகரிலேதான் முதன்முறை இடம்பெற்றது. அவுஸ்திரேலிய வீராங்கனை பெற்றி கத்பேர்ட் 52.0 செக்கனில் ஓடி அதனை வென்றார். பிரித்தானியாவின் ஆன் பாக்கர் இரண்டாவதாக வந்தார். அப்பொழுது லிலியனுக்கு வயது பதினைந்து.

லிலியன் 1948 டிசெம்பர் 13ஆம் நாள் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் பிறந்தார். ஐரீன் என்னும் சகோதரியும் அவரும் இரட்டையர். பெற்றோர் மான்செஸ்ரரைச் சேர்ந்தவர்கள். குழந்தைகள் சிறுமியராயிருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, பின்னர் இலண்டனின் மேற்கிலுள்ள ஈலிங்கிற் குடியேறியது. பாடசாலையில் அவரது ஓட்டத்தைக் கண்ட உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர், அச்சிறுமியின் கால்களிற் பொதிந்திருந்த ஆற்றலை உணர்ந்து, விளையாட்டுக் கழகமொன்றிற் சேர்த்துவிட்டார். மாணவரின் திறனை முதலிற் காண்பது ஆசிரியரின் கண்ணே என்பதற்கு இதுவும் ஒரு சான்று. தொடக்கத்தில் நீளம் பாய்தலிலேயே அவர் பெயர் பெற்றார்; பின்னரே ஓட்டத்திற்குத் திரும்பினார். தந்தை ஜோர்ஜ் போர்ட் அவருக்குப் பயிற்சியாளரானார்.

1966இல் யமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் 440 யார் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அடுத்த ஆண்டு யூலை மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அமெரிக்காவுக்கும் பொதுநலவாய அணிக்கும் இடையே போட்டி நடந்தது. அங்கே 400 மீற்றரில், முன்னே சென்றவர்களை இறுதி நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகப் பின்தள்ளி, 52.8 செக்கனில் வெற்றிக் கம்பத்தை அடைந்தார். பொறுத்திருந்து பாய்வதே அவர் கையாண்ட படைக்கலம் என்பதை அன்று யாவரும் அறிந்தனர். இங்கிலாந்தின் பத்திரிகைகள் அவரது படத்தை முதற் பக்கங்களில் வெளியிட்டன. அடுத்த ஒலிம்பிக் பொற்பதக்கம் அவருக்கே என நாடு நம்பத் தொடங்கியது. பத்தொன்பது வயதுக்காரியின் தோள்களுக்கு அது சிறு சுமையன்று.

1968 ஒக்டோபர் 16ஆம் நாள். மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் விரைந்தோடுவது எளிது. எனினும் உயிர்வளி குறைவாதலால், செலவிட்ட வலிமையை உடல் மீட்பது அரிது. ஒரு சுற்று ஓட்டத்தின் கடைசி ஐம்பது மீற்றரில் இவ்வுண்மை தன் முழுக் கடுமையையும் காட்டும். இறுதிப் போட்டியிற் கடைசி வளைவைக் கடந்து நேர்ப்பாதையில் நுழைந்தபோது லிலியனே முன்னணியில் நின்றார். பொற்பதக்கம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால், அதிகம் அறியப்படாத பிரெஞ்சு நங்கை ஒருத்தி பின்னாலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தாள். கொலெற் பெசோன் என்னும் அந்த இருபத்திரண்டு வயது உடற்பயிற்சி ஆசிரியை, பிரெனீஸ் மலையிலுள்ள பொன்ற்-றொமே என்னும் உயரிடத்திற் பயின்று வந்தவர். ஒவ்வொரு அடியிலும் இடைவெளி சுருங்கியது. கம்பத்துக்கு மிக அண்மையிற் பெசோன் லிலியனைக் கடந்தார்.

பெசோனின் நேரம் 52.03 செக்கன்; லிலியனின் நேரம் 52.12. வேறுபாடு ஒரு செக்கனின் நூறில் ஒன்பது பங்கு. நிலத்தில் அளந்தால் ஏறக்குறைய இரண்டடித் தூரம். லொஸ் ஏஞ்சலிஸில் லிலியன் பிறர்க்குச் செய்ததையே மெக்சிக்கோவிற் பெசோன் லிலியனுக்குச் செய்தார். தம் படைக்கலத்தாலேயே தாம் வெட்டுண்டது போன்ற தோல்வி அது. வெள்ளிப் பதக்கம் பெற்றவரை, தோற்றவர் என்றே சில பத்திரிகைகள் நோக்கின. நானூறு மீற்றரும் ஓடி, உலகில் ஒருவர் தவிர்ந்த அனைவரையும் வென்ற ஒருத்தியைத் தோற்றவள் என்பது எவ்வகை அளவுகோல்?

இங்கேதான் லிலியனின் பெருமை தொடங்குகிறது. பொற்பதக்கம் நழுவியவர் ஓட்டத்தையே வெறுத்துவிடுவதுண்டு. அவரோ பயிற்சியைக் கூட்டினார். இரண்டு சுற்று ஓட்டமாகிய 800 மீற்றருக்கு உடலைப் பழக்கினார். 1969 செப்டெம்பரில் ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டிகள் ஏதென்ஸ் நகரில் நடந்தன. 800 மீற்றரில் உலக சாதனையாளரான யூகோசிலாவியாவின் வேரா நிக்கோலிச் மூன்றாவதாக வர, லிலியன் தெளிவான இடைவெளியில் முதலாவதாக வந்து பொற்பதக்கம் வென்றார். அதே விழாவில் பெசோனுக்கு மெக்சிக்கோவின் கசப்பு வேறு வடிவில் வந்தது: 400 மீற்றரில் அவரும் அவர் நாட்டவரான நிக்கோல் டுக்ளோவும் 51.7 என்ற உலக சாதனை நேரத்தில் ஒருசேர வந்தனர். நிழற்படமே டுக்ளோவை வெற்றியாளராக்கியது.

விழாவின் முடிவில் 4 × 400 மீற்றர் அஞ்சலோட்டம். றோஸ்மேரி ஸ்ரேர்ளிங், பற் லோ, ஜனெற் சிம்சன் ஆகியோரின் கை மாறிக் கோல் லிலியனிடம் வந்தபோது, பிரான்சின் கோல் பெசோனின் கையிலிருந்தது. பெசோன் முன்னே ஓடிக்கொண்டிருந்தார். பதினொரு மாதங்களுக்கு முன் ஓடிய அதே ஓட்டம், இடங்கள் மட்டும் மாறி, மீண்டும் நடந்தது. இம்முறை துரத்தியவர் லிலியன். கம்பத்தருகே அவர் பெசோனை எட்டிப் பிடித்து, மயிரிழையில் முந்தினார். இரு நாடுகளுக்கும் 3 நிமிடம் 30.8 செக்கன் என்ற ஒரே நேரமே பதிவாயிற்று, அதுவே உலக சாதனை, பொற்பதக்கம் பிரித்தானியாவுக்கு.

அதன்பின் எஞ்சியது ஓராண்டும் சில மாதங்களுமே. 1970 புத்தாண்டில் அரச விருது பெற்ற அவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கை நோக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார். ஆனால் வயிற்று நோவு அவரை வருத்தலாயிற்று. அந்த யூன் மாதம் இலண்டனில் ஓடியதே அவர் இறுதி ஓட்டம். இலையுதிர் காலத்தில், நோய் குடற்புற்று எனத் தெரியவந்தது. சிகிச்சை தேடிப் பவேரியா சென்றார். 1970 டிசெம்பர் 26ஆம் நாள், இருபத்திரண்டாம் பிறந்தநாள் கழிந்து பதின்மூன்று நாட்களில், மியூனிக் நகரிலேயே உயிர் நீத்தார். ஒலிம்பிக் வெற்றிக்காக அவர் எண்ணியிருந்த நகரம் அது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் அவர் நினைவாக வழிபாடு நடந்தது. அவர் மணக்கவிருந்த விளையாட்டு எழுத்தாளர் டேவிட் எமெரி அவர் வரலாற்றை 1971இல் நூலாக்கினார். பெசோனும் 2005இற் புற்றுநோயாலேயே மறைந்தார்.

பதிவேடுகளில் 1968 மெக்சிக்கோ என்ற வரியில் லிலியனின் பெயர் இரண்டாவதாகவே நிற்கும். அதை எவரும் மாற்ற இயலாது. எனினும் அவ்வரியை மட்டும் படிப்பவர் அவரை அறியார். இரண்டடித் தூரத்தில் இழந்ததற்காக எவரையும் பழியாமல், பதினொரு மாதம் உழைத்து, அதே எதிரியை அதே தூரத்திற் சந்தித்து வென்றாரே, அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேர்வில் ஒருமுறை பின்னடைந்து சோர்ந்திருக்கும் மாணவருக்கு ஆசிரியர் எடுத்துச் சொல்லத்தக்க வாழ்வு இது.