வீட்டுக்குள் திராவகம்

உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நம் பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். கெட்டியான ஆசிட் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். நிறையத் தண்ணீர் கலந்துதான் பாலில் விடுவார்கள். அதைவிடப் பொல்லாத கந்தகத் திராவகத்தைக் குடியிருந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெருந்தொழிலைத் தொடங்கினார் ஓர் ஆசிரியர். அவர்தாம் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

வங்காளத்து ராருளி கிராமத்தில் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர். எடின்பரோவில் 1887இல் டாக்டர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். மருந்தெல்லாம் கப்பலில் வந்திறங்குகிறதே, நம்ம பிள்ளைகள் படித்துவிட்டுக் குமாஸ்தா வேலைக்கு அலைகிறார்களே என்ற கவலை அவரை அரித்தது. அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீடே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று.

எலும்புச் சாம்பலோடு கந்தகத் திராவகத்தைச் சேர்த்துப் பாஸ்பேட் உப்பு செய்யலாம். கசாப்புக்கடை எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி மாடியில் காயப்போட்டார். மழை பிடித்துக்கொண்டது! எலும்பு நாறிப் புழு வைத்தது, காக்கைகள் கூடின. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? சண்டைக்கு வந்துவிட்டார்கள். வேறிடம் கொண்டுபோய் இரவில் எரித்தால், பிணம் எரிகிறதோ என்று போலீஸ்காரர் வந்து நின்றாராம்.

எலும்புக் கதைக்குச் சிரிக்கலாம். திராவகத்திடம் விளையாட முடியாது. கெட்டித் திராவகம் தண்ணீரோடு சேர்ந்தால் பெருஞ்சூடு கிளம்பும். திராவகத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் திராவகத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும். இதை மாற்றிச் செய்யவே கூடாது. இரும்பை அரிக்கும் நீர்த்த திராவகத்தை ஈயம் தாங்கும். அதன்மேல் படியும் உப்புப் படலமே அதற்குக் கவசம். அதனால் அந்நாளில் திராவகம் உண்டாக்கும் அறைகளை ஈயத்தகட்டால் அமைத்தார்கள். கொண்டுபோகக் கண்ணாடிக் குடுவை. உடையாதிருக்கச் சுற்றிலும் வைக்கோல்.

1892இல் வங்காள இரசாயன மருந்துச் சாலை பிறந்தது. கூட்டாளியாக வந்த டாக்டர் அமூல்ய சரண் போஸ் 1898இல் பிளேக் நோய்க்குப் பலியானார். இரசாயனம் கற்ற சதீஷ் சந்திர சின்ஹாவோ ஆய்வுக்கூடத்திலேயே பிரஸ்ஸிக் அமிலத்தால் தற்செயலாக இறந்துபோனார். அந்த அமிலம் தோலைச் சுடும் ஜாதி இல்லை. உயிரையே குடிக்கும் நஞ்சு. விவரம் தெரிந்தவருக்கே அந்தக் கதி! இரண்டு தோழர்களை இழந்தும் ராய் தொழிலைக் கைவிடவில்லை. 1901இல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று. வீடு போதாமல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. திராவகமும் வீட்டைவிட்டு அங்கே குடிபோயிற்று.

ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது வயதானபின், 1921 முதல் தம் சம்பளத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அதன் அறிவியல் கல்லூரியில் ஓர் அறையே அவருக்கு வீடு. 1944 ஜூன் 16இல் அங்கேயே கண்மூடினார்.