கொச்சித் துறைமுகம் கண்ட பிரிஸ்டோ

வில்லிங்டன் தீவைப் பாராத தமிழ் மாணவர் நம்முள் இருக்க முடியாது. ஆனால் அத்தீவின் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று, காயலின் அடியிலிருந்து வாரிப் போட்ட மண்ணால் வளர்ந்தது என்று சொன்னால் வியப்பவர் பலர். (வெல்லிங்டன் என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு சொல்: நெப்போலியனை வென்றவர் வேறு; நம் தீவுக்குப் பெயர் தந்தவர் சென்னைக் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு.)

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதுபவர். நானோ கடலியல் பயில்கிறேன். கடைவீதியில் மூட்டைகள் குறைந்துபோன கதையை அவர் ஒருவிதமாகச் சொல்வார். நான் ஏட்டில் வேறுவிதமாகப் படிக்கிறேன். இரண்டு கதையிலும் தவறாமல் வரும் பெயர் ஒன்று உண்டு. அதுவே சர் ராபர்ட் பிரிஸ்டோ.

1880-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், பிரிட்டிஷ் கடற்படையின் துறைமுக வேலைகளில் அனுபவம் பெற்ற எஞ்சினீயர். 1920 ஏப்ரலில் சென்னை அரசு அவரைக் கொச்சிக்கு அனுப்பியது. சென்னைக்கு இங்கென்ன வேலை என்று கேட்கலாம். கோட்டைக் கொச்சி அன்று சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் அடங்கியது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி அரசருடையது. திருவிதாங்கூரும் தன் பங்கைக் கேட்டு நின்றது. மூன்று அடுப்பில் ஓர் உலை! கடலைவிட இந்த மூவரையும் இணக்குவதே பிரிஸ்டோவுக்குப் பெரும்பாடாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

கடலும் எளிதில் இணங்கவில்லை. காயல் நீர் கடலோடு கலக்கும் வாயிலில் பாறைபோல் இறுகிய மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. எட்டொன்பது அடிக்கு மேல் ஆழம் வேண்டும் கப்பல் எதுவும் அதைத் தாண்டி உள்ளே வர இயலாது. ஆகவே கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும்; மிளகும் கயிறும் தேயிலையும் தோணிகளில் ஏறி அலைமேல் சென்று அவற்றைச் சேரும். தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் நடவாது. வாணிகம் முடங்கும், கூலிக்காரன் அடுப்பும் முடங்கும்.

திட்டை வெட்டிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அலைகள் கரையோரமாக மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஓரிடத்தில் மணலை எடுத்தால் மற்றோரிடத்தில் கரை பசியெடுத்து ஊரை விழுங்கும். திட்டை நீக்கினால் வைப்பின் கரை அழியும் என்று முன்பே பலர் அஞ்சினார்கள். பிரிஸ்டோ அவசரப்படவில்லை. நீரோட்டம், ஓதம், அலை, மணல் ஆகியவற்றை அளந்து ஆராய்ந்தார். கருங்கல் சுவர்களால் கரையைக் காக்கும் வழியைக் கண்டார். பிறகே வாய்க்கால் வெட்டலாம் என்று உறுதி கூறினார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு, அவர் வாழ்வில் நெருக்கமான பகுதி இதுதான்.

‘லார்டு வில்லிங்டன்’ என்னும் மணல்வாரிக் கப்பல் 1926-இல் வந்து சேர்ந்தது. நாளுக்கு இருபது மணி நேரம் அதை ஓட்டுவது என்று திட்டமிட்டார்கள். சுமார் மூன்றரை மைல் நீளமும் 450 அடி அகலமுமான வாய்க்கால் உருவாயிற்று. 1928 மே 26 அன்று பம்பாயிலிருந்து வந்த ‘பத்மா’ என்ற கப்பல் காயலுக்குள் நுழைந்தது. வாரிய மண்ணையும் வீணாக்கவில்லை, அதுவே தீவாயிற்று. பாலங்களும் ரயிலும் கப்பல்துறைகளும் அதன்மேல் வந்தன. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது. நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகஞ்செட்டியார் கொச்சித் திவானாக இருந்த ஆண்டுகள் (1935–41) அவை. ஆனைமலைத் தேயிலை நேரே கப்பலேறும் வழி அப்படித்தான் பிறந்தது.

வேலைக்கிடையே பிரிஸ்டோ இன்னொரு திட்டையும் கண்டார். கோட்டைக் கொச்சியில் வெள்ளையர் கூடி விளையாடும் மன்றத்துக்குள் இந்தியர் உறுப்பினராக நுழைய வழியில்லை. துறைமுகத்தில் ஒன்றாக உழைப்பவர்கள் மாலையில் தனித்தனியே பிரிவதை அவரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் விரும்பவில்லை. 1931-இல் எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப்பைத் தொடங்கி, இரு இனத்தாரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தினார்கள். இது சிறிய செயலன்று. எனினும் அந்தக் கதவு திறந்தது கோட்டணிந்த இந்தியனுக்குத்தான் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

ஏனெனில் துறைமுக வாயிலில் வேறொரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. காலையில் கூலிக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். கங்காணி ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மேல் வீசுவான். அடித்துப் பிடித்து வில்லையைப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. மணல் நகரும் வழியையெல்லாம் அளந்த துறைமுகத்தில், மனிதனுக்கு வேலை பகிரும் முறை இதுவாக இருந்தது. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. சாப்பா அதன் பின்னரே ஒழிந்தது.

பிரிஸ்டோ 1941-லேயே கொச்சியை விட்டுச் சென்றுவிட்டார். ஆகையால் அந்த ரத்தத்தை அவர் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஆயினும் துறைமுகத்தைப் பாராட்டும் மேடைகளில் அவர் பெயர் ஒலிக்கும் அளவுக்கு அந்தத் தொழிலாளர் பெயர்கள் ஒலிப்பதில்லை. தாயகம் திரும்பியவர் 1959-இல் ‘கொச்சின் சாகா’ என்ற நூலில் தம் கொச்சி நாட்களை எழுதினார், 1966-இல் காலமானார்.

மட்டாஞ்சேரிச் சரக்கு தீவுக்கு மெல்ல மெல்லப் போயிற்று. தீவின் முறையும் வந்தது: 2011-இல் வல்லார்பாடத்தில் புதிய முனையம் திறந்தபின் கன்டெய்னர்கள் அங்கே சென்றுவிட்டன. தோணியிலிருந்து தீவுக்குச் சரக்கு மாறியதைத் தம் முதலாளியின் தந்தை குறைசொல்வாராம் என்று என் தந்தையார் கூறுவார். இன்று வல்லார்பாடத்தைச் சொல்லி அவரே குறைபடுகிறார். லோட்டஸ் கிளப் எர்ணாகுளத்திலேயே இருக்கிறது. வாய்க்காலில் மணல் சேர்வதும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் பெரும் பொருள் செலவிட்டு வாரிக்கொண்டே இருக்கிறார்கள்.